மன்னித்தால் கடைச் சாவியையும் கொடுக்கணுமா?

சகோதரரே, கடைப் பணத்தில் மூன்று லட்சத்தை எடுத்துத் தொலைத்த அண்ணன் இப்போது திரும்பி வந்து மறுபடி கணக்கைக் கையில் கேட்கிறார், 'ஏழெழுபது தரம்' மன்னிக்கணும் என்று இயேசு சொன்ன வசனத்தை வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், கொடுக்காவிட்டால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 42 முதல் 45 வரை உள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். 17 வயதில் சொந்த அண்ணன்களாலேயே 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, பிறகு எகிப்தில் அதிகாரியான யோசேப்பு, இருபது வருடத்துக்கு மேல் கழித்து தானியம் வாங்க வந்து நிற்கிற அதே அண்ணன்களைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தார், அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டார், கடைசியில் கடைக்குட்டித் தம்பி பென்யமீன் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தைப் போடச் சொல்லி, திருடியதாகப் பிடித்து அடிமையாக வைத்துக்கொள்வேன் என்றார் (கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்). ஆனால் அன்றைக்கு 'விற்றுவிடலாம்' என்று யோசனை சொன்ன அதே யூதா, 'தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்' என்று முன்னால் வந்த பிறகுதான் யோசேப்பு அழுதுகொண்டு தன்னை யாரென்று சொன்னார். அதற்கு முன்னாலேயே அவர்கள் பணத்தை சாக்கிலேயே திருப்பி வைத்து, வழிக்கு உணவும் கொடுத்தனுப்பியதைக் கவனியுங்கள்.

ஊரை ஏமாற்றிப் பணம் சேர்த்த வரி வசூலிப்பவன் சகேயுவை இயேசு முதலில் ஏற்றுக்கொண்டார், சரி, ஆனால் அவனே எழுந்து நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் அண்ணன் அந்த மூன்று லட்சத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை போலிருக்கிறதே? முதலில் அதைக் கேளுங்கள். வீட்டில் சாப்பாடு போடுங்கள், பேசுங்கள், சாவி இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.