ஸ்டோயிக்குகள், மரணம், துக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பண்டைய கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் தத்துவ மரபைச் சேர்ந்த எபிக்டெடஸின் கையேட்டை அண்மையில் வாசித்தேன். குழந்தையை முத்தமிடும்போது, சாகக்கூடிய ஒரு மனித உயிரைத்தான் முத்தமிடுகிறாய் என்று உனக்கே சொல்லிக்கொள், அது இறந்தால் கலங்கமாட்டாய் என்று ஓரிடத்தில் வருகிறது. அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. என் அப்பா புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வீட்டில் படுத்திருக்கிறார். அந்த அறைக்குள் போகவே எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். மரணத்தை ஏற்றுக்கொள் என்று இந்த ஸ்டோயிக்குகள் சொல்வது மனதைக் கல்லாக்கிக்கொள்ளத்தானா? அப்படியென்றால் அந்தத் தத்துவம் எனக்கு வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எபிக்டெடஸ் எதையும் எழுதிவைக்கவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவர், கிரேக்கத்தின் நிகோபோலிஸ் நகரில் நடத்திய வகுப்புகளை மாணவர் அர்ரியன் குறித்துவைத்தார். அந்த நீண்ட உரைகளைப் பிழிந்தெடுத்த சாறுதான் கையேடு. அதை மட்டும் வாசிப்பவர்களுக்கு அவர் இரக்கமற்றவராகவே தெரிவார். நீங்கள் உரைகளுக்குப் போங்கள். முதல் புத்தகத்தின் 11ஆம் உரை உங்கள் கேள்வியைப் பற்றியதுதான்.

ஓர் அரசு அதிகாரி அவரைப் பார்க்க வருகிறார். மகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் கிடந்தபோது, பார்க்கச் சகிக்காமல் வீட்டைவிட்டே ஓடிப்போனதாகவும், பிழைத்துக்கொண்டாள் என்ற செய்தி வரும்வரை திரும்பவில்லை என்றும் சொல்கிறார். எந்தத் தகப்பனும் அப்படித்தானே செய்வான் என்பது அவர் நியாயம். எபிக்டெடஸ் விடவில்லை. குழந்தையின் தாய்க்கு அவள்மேல் பாசம் இல்லையா? இருக்கிறது. அப்படியானால் அவளும் ஓடியிருக்க வேண்டுமா? செவிலி? பள்ளிக்கு அழைத்துப்போகும் பணியாள்? பாசமுள்ள எல்லோரும் பாசத்தாலேயே ஓடிவிட்டால், பாசமில்லாதவர்கள் கையில் அந்தக் குழந்தை சாக வேண்டியதுதானே? நீ நோயில் விழுந்தால் உன் வீட்டார் இப்படிப்பட்ட பாசம் காட்டுவதை விரும்புவாயா? இந்தப் பாசத்தை உன் எதிரிகள் அல்லவா உன்மேல் வைக்க வேண்டும், அப்போதுதானே உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போவார்கள்!

அந்த மனிதரின் பாசத்தை எபிக்டெடஸ் சந்தேகிக்கவே இல்லை. அவரை வெளியே விரட்டியது, இதை என்னால் தாங்க முடியாது என்று அவரே செய்துகொண்ட முடிவு என்கிறார். உங்களை உறுத்திய வரியை நான் இதோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன். இவள் ஒருநாள் இறப்பாள் என்று நல்ல நாளிலேயே மனதை ஆயத்தப்படுத்தியவர், கெட்ட நாளில் கட்டிலருகே இருப்பார்.

அழுகைக்கு வருவோம். ரோமானிய ஸ்டோயிக் தத்துவஞானி செனெகா தன் 63ஆம் கடிதத்தில், நண்பர் அன்னயஸ் செரீனஸ் இறந்தபோது அளவுமீறி அழுததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: தன்னைவிட மிகவும் இளையவர் தனக்குமுன் போகக்கூடும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இன்னொரு ஸ்டோயிக்கான ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் பிள்ளைகளில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். எபிக்டெடஸ் சொன்ன, இதே கருத்துள்ள ஒரு வரியைத் தன் குறிப்பேட்டில் எடுத்து எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தகப்பன் அதை எழுதினார் என்று தெரிந்தபின், அதைக் கல்நெஞ்சின் வாசகமாக என்னால் வாசிக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை மூடிவிட்டு அப்பாவின் அறைக்குப் போங்கள். அங்கே செய்வதற்கு எளிய வேலைகள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் உதடு வெடிக்கும். ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். கால்களைப் பிடித்துவிடுவது அவருக்கு இதமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அழுகை வந்தால் அவர் முன்னால் அழலாம், தவறில்லை. அம்மா பல நாட்களாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். இன்றிரவு அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கண்விழியுங்கள்.