சினைக் குட்டைக் குதிரைக்கு எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது?

கால்நடைப் பக்கம் – வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்களின் பதில்கள்

பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளில் மினியேச்சர் குதிரை வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், சினை பற்றியவை மட்டும் இந்த இதழில்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மினியேச்சர் பெட்டை ஒன்று வாங்கியிருக்கிறோம். உயரம் 33 அங்குலம், எட்டு மாதச் சினை. பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து நேப்பியர் புல், பூசா (கோதுமைத் தவிடு), மாட்டுத் தீவனம் மூன்றும் தினமும் வருகின்றன. அதையே போடலாமா? எவ்வளவு போடுவது?
– வாசகர், ஒசக்கோட்டை

பதில்: மாட்டுத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் சில தீவனங்களில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். அவற்றுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மூட்டையில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் நம்ப வேண்டாம். ஒரே ஆலையில் பல தீவனங்களை அடுத்தடுத்து அரைக்கும்போது மிச்சம் கலந்துவிடுகிறது.

பூசாவிலும் நேப்பியரிலும் உள்ள ஆபத்து மெதுவாக வருவது. கோதுமைத் தவிடு அரைக் கிலோவில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும்; கால்சியம் ஒரு கிராம்கூட இருக்காது. நேப்பியரில், அதிலும் வேகமாக வளர்ந்த இளம் புல்லில், ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குப் பெரிய பாதிப்பில்லை. குதிரைக்கு நுண்ணுயிர் வேலை நடப்பது பெருங்குடலில்; கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலில். எனவே அந்தக் கால்சியம் சாணத்தோடு போய்விடுகிறது. வயிற்றுக் குட்டிக்கு எலும்பு கட்ட வேண்டிய நேரத்தில் தாய் தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். ஒரு நாள் முன்காலிலும் மறுநாள் பின்காலிலுமாக நொண்டுவது, தீனியை மெல்வதற்குத் தயங்குவது, கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். புடைப்பு கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

முதலில் எடை போடுங்கள். தீவனக் கடையில் மூட்டை நிறுக்கும் தரை எடைமேடையே போதும். அதற்கு வழியில்லை என்றால், முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று கணக்கிட்டால் கிலோ தோராயமாக வரும். உங்கள் குதிரை 90 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு நாள் கணக்கு:

ஓட்ஸ் உலர்புல் அல்லது ரோட்ஸ் புல் காய்ந்தது 1.4 கிலோ, உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன்) 400 கிராம். இரண்டையும் கலந்து நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். இரவு நீளம் என்பதால் கடைசி வேளை பெரிதாக இருக்கட்டும். இந்த எடைக்குச் சினையின் கடைசிக் கட்டத்தில் நாளொன்றுக்குக் கால்சியம் சுமார் 6.5 கிராம் வேண்டும். மசாலிலிருந்தே 5 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும்.

அடர்தீவனம் 200 முதல் 250 கிராம், இரு வேளையாக. முழு ஓட்ஸ் 150 கிராமும், இரவு ஊறவைத்து வேகவைத்த கொள்ளு உலர் எடையில் 60 முதல் 80 கிராமும் போதும். அதனுடன் குதிரைக்கான தாது உப்புக் கலவை, பொட்டலத்தில் உள்ள எடைக்கணக்குப்படி. சாப்பாட்டு உப்பு 10 கிராம்.

மொத்தத் தீனியும் உடல் எடையில் சுமார் இரண்டேகால் சதவீதம்தான். குட்டியின் வளர்ச்சியில் பாதிக்கு மேல் கடைசி மூன்று, நான்கு மாதங்களில் நடக்கிறது. அதே சமயம் குட்டி வயிற்றில் இடத்தை அடைப்பதால் ஒரே வேளையில் அதிகம் தின்ன முடியாது. தீனியின் தரத்தை உயர்த்தச் சொல்வது இதனால்தான். மாற்றத்தை 7 முதல் 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். நேப்பியரையும் பூசாவையும் தினம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த இடத்தில் உலர்புல்லைச் சேருங்கள்.

மாட்டுப் பண்ணையிலிருந்து வரக்கூடிய இன்னும் மூன்றும் வேண்டாம். மக்காச்சோள சைலேஜில் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். மாட்டைவிடக் குதிரை அதற்கு எளிதில் பலியாகும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையைக் கரைக்கும் நஞ்சு. சினைக் குதிரை பச்சைச் சோளத்தட்டு தின்றால், குட்டி மூட்டுகள் மடங்கி இறுகிய நிலையில் பிறக்கலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் ஈரத்தில் வைக்கோல் கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். கட்டை மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, பிரிக்கும்போதெல்லாம் முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடையோ வெள்ளைத் தூசியோ இருந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: ஒன்பது மாதச் சினை. வயிறு பீப்பாய் மாதிரி இருக்கிறது. ரொம்பக் கொழுத்துவிட்டது, குட்டி போடச் சிரமப்படும், தீனியைப் பாதியாக்குங்கள் என்கிறார்கள். குறைக்கலாமா?
– வாசகி, கனகபுரா சாலை

பதில்: குறைக்காதீர்கள் அம்மா. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்: சினையான குட்டைக் குதிரையை ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது.

கடைசி மாதங்களில் தாயின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அந்த நேரத்தில் தீனி குறைந்தால் உடம்பு சேமித்த கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும். பெரிய குதிரைகளில் இது பெரும்பாலும் சமாளித்துப் போகும். குட்டைக் குதிரை, போனி, கழுதை மூன்றிலும் கட்டுக்கடங்காமல் பெருகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கொழுப்பு படிந்துவிடுகிறது. அந்த நிலையில் பசியே எடுக்காது. தின்னாததால் கொழுப்பு இன்னும் உடைகிறது. அதிகம் கொழுத்த பெட்டைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். பட்டினி என்றில்லை, நீண்ட லாரிப் பயணம், வயிற்றுவலி, பல்வலி, கூட இருந்த துணையைப் பிரித்தது என எதுவும் இதைத் தொடங்கிவைக்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கத் தொடங்கிய வாரங்களிலும் ஆபத்து உண்டு.

ஒரு வேளைத் தீனியை மீதம் வைத்தால் கவனியுங்கள். அடுத்த வேளையும் தொடவில்லை, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது என்றால் அன்றே மருத்துவர் வர வேண்டும். ரத்தம் எடுத்த குழாயைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே தெளியும் நீர் இளமஞ்சளாக இல்லாமல் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றுவதும் மூக்குக் குழாய் வழியே தீனி கொடுப்பதும் உடனே தொடங்கினால் தாயைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

வயிற்றைப் பார்த்துக் கொழுப்பை எடைபோட முடியாது. விரல்களை முடிக்குள் விட்டு விலா எலும்பைத் தடவுங்கள். லேசாக அழுத்தியதும் எலும்பு தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. அழுத்தியும் தட்டுப்படாமல், பிடரியின் மேல்விளிம்பு தடித்துக் கெட்டியாக இருந்தால்தான் அதிகக் கொழுப்பு. அப்போதும் தானியத்தை மட்டும் குறைத்து, தாது உப்பைத் தொடர்ந்து, உலர்புல்லை உடல் எடையில் 1.5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் வையுங்கள். இளைக்க வைக்கும் வேலையெல்லாம் குட்டி பால் மறந்த பிறகு. தினமும் திறந்தவெளியில் நடமாட விடுங்கள். வாழைப்பழம், வெல்லம், பிஸ்கட் யாரும் ஊட்டக் கூடாது என்று வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் சொல்லிவிடுங்கள். அது குளம்பு வாதத்துக்கு (குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டும் நோய்) வழி.

கேள்வி: சினையில் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போடலாமா?
– வாசகர், சர்ஜாபுரா

பதில்: போடலாம், போடவும் வேண்டும். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு டெட்டனஸ் ஊக்க ஊசி போட்டால் அதன் எதிர்ப்பு சீம்பால் வழியே குட்டிக்குப் போகும். கருச்சிதைவு உண்டாக்கும் குதிரை ஹெர்பிஸ் வைரஸுக்கு, செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன தடுப்பூசியை 5, 7, 9-ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். ரேபிஸையும் மருத்துவரிடம் கேளுங்கள். பூச்சி மருந்தான ஐவர்மெக்டின் பசை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 90 கிலோவுக்கு 18 மில்லிகிராம். பெரிய குதிரைக்கான குழாயில் இதைப்போல ஆறேழு மடங்கு இருக்கும். முழுக் குழாயையும் வாயில் அழுத்திவிடாதீர்கள். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடக் கூடாது.

கேள்வி: குட்டி போடும் நாளை எப்படிக் கணிப்பது? இரவில் தனியாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், எலஹங்கா

பதில்: பதினோரு மாதம் என்பது பொதுக் கணக்கு. குட்டை இனங்களில் 320 நாளை ஒட்டியே ஈனுவதும் உண்டு, ஆகவே 300-ஆம் நாளிலிருந்தே தயாராக இருங்கள். ஈனப்போகும் இடத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும். அந்த இடத்து நோய்க்கிருமிகளுக்கான எதிர்ப்பைச் சீம்பாலில் சேர்க்க அவ்வளவு காலம் பிடிக்கும். பத்துக்குப் பத்தடி அறை போதும். மரத்தூள் போட்டால் ஈரக் குட்டியின் மூக்கில் ஒட்டும். சுத்தமான வைக்கோல் பரப்புங்கள்.

மடி இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு இறங்கும். காம்பு நுனியில் மெழுகுத் துளி கட்டினால் ஓரிரு நாள், அதிகம் போனால் நான்கு நாள். மாலையில் சில சொட்டுப் பால் கறந்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். 7-க்கு மேல் இருந்தது 6.4-க்கு இறங்கிவிட்டால் பெரும்பாலும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும். மாதக்கணக்கு மிச்சமிருக்கும்போதே மடி இறங்கிப் பால் சொட்டினால் அது நஞ்சுக்கொடித் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பனிக்குடம் உடைந்ததிலிருந்து குட்டி வெளியே வர 20 முதல் 30 நிமிடம். முதலில் தெரிய வேண்டியது வெண்ணிற சவ்வு. அதனுள் குளம்படி கீழ்நோக்கி, ஒன்று சற்று முன்னும் ஒன்று பின்னுமாக இரண்டு முன்கால்கள், முழங்கால்மேல் மூக்கு. பத்து நிமிடத்தில் இது தெரியாவிட்டால் தாயை எழுப்பி நடக்க வைத்தபடியே மருத்துவரை அழையுங்கள். குட்டை இனத்தில் குட்டியின் நெற்றி தாயின் இடுப்பு வழிக்குப் பெரிதாக இருப்பதால் சிக்கல் அதிகம். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எந்த வழியாகப் போவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பதும் அந்த வாரத்துக்குமுன் முடிவாகியிருக்கட்டும்.

வெண்மைக்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுவிட்டது. கத்தரியால் பையைக் கிழித்து, உள்ளே வெண்சவ்வையும் திறந்து, தாய் முக்கும்போதெல்லாம் கால்களைக் கீழ்நோக்கி இழுத்துக் குட்டியை வெளியே எடுங்கள். மருத்துவருக்கான போனை இன்னொருவர் பேசட்டும்.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். தொப்புளை 0.5 சதவீத குளோர்ஹெக்சிடினில் முக்குங்கள். நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்தில் விழ வேண்டும். தொங்குவதைத் தாய் மிதிக்காதபடி முடிச்சிட்டு உயர்த்திக் கட்டலாம், ஆனால் பிடித்து இழுக்கக் கூடாது. விழாமல் தங்கினால் கருப்பைத் தொற்றும் அதைத் தொடர்ந்து குளம்பு வாதமும் வரும்.

தெருநாய்களை மறந்துவிடாதீர்கள். பிறந்த குட்டி ஒரு பெரிய நாயைவிடச் சிறியது. ஈனும் அறையின் கதவில், தரையோடு உள்ள இடைவெளியையும் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள்.