வீட்டுக்குப் பின்னாடி பல வருஷமா கல்லும் களிமண்ணுமா கிடக்கு, புல்தரையும் தோட்டமும் போட மண்ண எப்படித் தயார் பண்றது?

வீடு கட்டி மிஞ்சின ஜல்லி, உடைஞ்ச டைல்ஸ், சிமென்ட் கட்டி எல்லாத்தையும் தள்ளி மேல மண்ண மூடின இடமாத்தான் உங்களுதும் இருக்கும். எங்களுது கோயம்புத்தூர்ல சூலூர் பக்கம், சுத்தக் கரிசல், தோண்டினா சுக்கான் கல்லு, அதான் சுண்ணாம்புக் கல்லு. மழை பேஞ்சா மம்பட்டில அப்பிக்கிட்டு விடாது, காஞ்சா கடப்பாரையே எகிறும், சித்திரைல வெடிப்புக்குள்ள கைய விடலாம்.

பார்த்தவங்க எல்லாருமே ரெண்டு லோடு செம்மண் கொட்டி மேல புல்ல விரிச்சிருங்கன்னாங்க. நான் ஒத்துக்கவே இல்லைங்க. கீழ இறுகின களி அப்படியே இருந்தா தண்ணி இறங்காம நின்னு வேர் அழுகும். கொஞ்சூண்டு மணல் கலக்கறதும் வேண்டாம், களியோட சேர்ந்து இன்னும் கெட்டிப்படும்.

கோடை மழை பேஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு, கைல புடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அந்தப் பதத்துல ஒரு அடி ஆழம் கொத்தினோம். பெரிய கல்ல மட்டும் பொறுக்கினா போதும், ஆனா சிமென்ட் கட்டிய ஒண்ணு விடாம எடுத்துருங்க, அது மண்ணுல காரத்தை ஏத்தும், அப்புறம் செம்பருத்தி இலைல நரம்பு மட்டும் பச்சையா நின்னு மத்ததெல்லாம் வெளுத்துரும். அடுத்து தக்கைப்பூண்டு விதைச்சோம், மண்ணுலயே மடக்கி உரமாக்கற பசுந்தாள் செடி அது, சென்ட்டுக்கு கால் கிலோ. எப்பேர்ப்பட்ட களிலயும் அது வேர இறக்கும். 45 நாள்ல, பூ எடுக்கற நேரத்துல வெட்டி அங்கயே மடக்கி கொத்திவிட்டு, அது மக்கினதும் ரெண்டு இஞ்ச் கனத்துக்கு மக்கின சாணி உரம் போட்டுக் கலந்தோம். பாளம் பாளமா பேந்த அதே மண்ணு பொலபொலன்னு உடைஞ்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உடனே இயற்கை விவசாய ஆளுன்னு சண்டைக்கு வராதீங்க, உரக்கடை உரத்துக்கு நான் எதிரி இல்ல. களிய இளக்க ஜிப்சம் போடலாமேம்பீங்க, மண் பரிசோதனைல சோடியம் ஜாஸ்தின்னு வந்தா தாராளமா போடுங்க, இல்லாட்டி காசுதான் தண்டம்.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, பக்கத்து சைட்காரங்க ஒரு அடி மண்ணு விடாம பேவர் பிளாக் போட்டு மூடிட்டு, மழைத்தண்ணி மொத்தத்தையும் எங்க பக்கம் தள்ளறாங்க, கேட்டா மண்ணு இருந்தா பாம்பு வருமாம், ஆனா வெயில் காலத்துல தண்ணி லாரிக்கு முதல் ஆளா நிக்கறதும் அவங்கதான்.

புல்லக் கடைசியா போடுங்க. அந்த இடத்துல மட்டும் மேல நாலு இஞ்ச்சுக்கு பொடிக்கல்லையும் பொறுக்கி, வீட்டுச் சுவத்துல இருந்து வெளிப்பக்கமா லேசா வாட்டம் குடுங்க. நல்ல வெயில் படற இடம்னா பெர்முடா புல்லு தாங்கும்.