கடலோரத்தில் மூன்று இரவு: சிங்க்வே தெர்ரே

வணக்கம்.

மே மாதக் கடைசியில் 10 நாள் இத்தாலி போகிறோம். நான், கணவர், 8 வயது மகன், 71 வயதில் என் மாமியார். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று பேசி வைத்திருக்கிறோம். ஃப்ளோரன்ஸில் இருக்கும்போது ஒருநாள், மலைச்சரிவில் கடலைப் பார்த்திருக்கும் ஐந்து சிற்றூர்களான சிங்க்வே தெர்ரே போய்விட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு அங்கே இரண்டு மூன்று நாள் தங்க ஆசை. அந்த ஐந்தில் ஒன்றான மனரோலாவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், பால்கனியில் நின்றால் கடல். அத்தைக்கு மூட்டுவலி உண்டு. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. என்ன செய்யலாம்?

வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

தங்குங்கள். ஆனால் மனரோலாவில் வேண்டாம்.

முதலில் உங்கள் கணவரின் கணக்கைப் பார்ப்போம். ஃப்ளோரன்ஸிலிருந்து, அந்த ஊர்களுக்குப் பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவுக்கு ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பெரும்பாலும் பீசாவில் மாற வேண்டியிருக்கும். அங்கிருந்து இன்னொரு ரயில். போக வர ஐந்தாறு மணி நேரம் போய்விடும். நீங்கள் அந்த ஊர்களில் இருக்கப்போவது காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை. லா ஸ்பெட்சியா துறைமுகத்தில் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்குபவர்களும் சுற்றுலாக் குழுக்களும் சந்துகளை நிறைத்திருப்பது சரியாக அந்த நேரத்தில்தான். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் அதே ஊர் வேறு ஊர். மே கடைசியில் சூரியன் மறைய ஏறக்குறைய இரவு 9 மணி ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் தங்கச் சொல்கிறேன்.

10 நாளில் நான்கு இடம் அதிகம். வெனிஸ் நாட்டின் மறுபக்கக் கடலில் இருக்கிறது, இந்த முறை அதை விட்டுவிடலாம். ரோமில் இறங்கி மிலானில் விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் எடுங்கள். ரோம் 3 இரவு, ஃப்ளோரன்ஸ் 3, கடலோரம் 3. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து மிலானுக்கு நேர் ரயில் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். மல்பென்சா விமான நிலையத்துக்கு அதற்கு மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். இரவு விமானமாக இருந்தால் நல்லது.

இனி ஊர். சிங்க்வே தெர்ரே என்றால் ஐந்து நிலங்கள். தெற்கிலிருந்து ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாஸ்ஸா, மொன்தெரோஸ்ஸோ. முதல் நான்கும் செங்குத்துச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடு கட்டிய ஊர்கள். உங்கள் பால்கனியில் கடல் தெரிகிறது என்றால் அந்த வீடு உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியையும் தூக்கிக்கொண்டு அத்தையையும் கைப்பிடித்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் திரும்பி ஏற வேண்டிய படி காத்திருக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். கொர்னீலியாவைக் கேட்கவே வேண்டாம்: கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரப் பாறையில் ஊர், அடிவாரத்தில் ஸ்டேஷன், நடுவே 382 படிகள். சிற்றுந்து உண்டு, ஆனால் கூட்ட நாளில் அதற்கும் வரிசை.

ஆகவே மொன்தெரோஸ்ஸோ அல்லது லெவான்தோ. மொன்தெரோஸ்ஸோவில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஃபெஜீனா கடற்கரை, சமதளத்தில் நடைபாதை. பழைய ஊருக்கு ஒரு சுரங்கப்பாதை வழியாக நடந்தே போகலாம். லெவான்தோ அந்த ஐந்தில் சேராது, அடுத்த ஸ்டேஷன், ரயிலில் ஐந்து நிமிடம்தான். வாடகை பெரும்பாலும் குறைவு, கடைகள் அதிகம், தெருக்கள் அகலம். அதோடு ஒரு பெரிய வசதி: 1970ல் கைவிட்ட பழைய ரயில் பாதையை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றியிருக்கிறார்கள். சுரங்கங்களுக்குள் புகுந்து, இடையிடையே கடலைக் காட்டிக்கொண்டு பொனஸ்ஸோலா வழியாக ஃப்ராமுரா வரை போகும். ரயில் போன பாதை என்பதால் மேடு பள்ளமே கிடையாது. உங்கள் மகன் சைக்கிள் ஓட்ட, அத்தை முடிந்தவரை நடக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் லெவான்தோவையே சொல்வேன்.

வீடு பதிவு செய்யுமுன் உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருவிலிருந்து கதவு வரை எத்தனை படி. இத்தாலியிலும் முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேலேதான். சிஐஎன் என்ற தேசியப் பதிவு எண் இல்லாத விளம்பரத்தைத் தொடாதீர்கள், அது கட்டாயம். ஊராட்சி வசூலிக்கும் தங்கல் வரி வாடகைக்கு மேல் தனி. பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள்.

லெவான்தோவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையே சீசனில் பகல் முழுக்க அடிக்கடி ரயில் ஓடும், ஐந்து ஊரிலும் நிற்கும். தினமும் மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்குவீர்கள் என்றால் ரயில் கார்டு வாங்குங்கள். நாளுக்கு நாள் விலை மாறும், சிறுவர்களுக்கும் 70 வயது கடந்தவர்களுக்கும் சலுகை உண்டு. காகிதக் கார்டாக இருந்தால் பெயரெழுதி, ஏறுமுன் பிளாட்பாரத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். பணம் கட்டியிருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதில் தவறியவர்கள்தான். ஜெனோவா போகும் வேக ரயில்கள் சின்ன ஊர்களில் நிற்காது, ஏறுமுன் நிறுத்தப் பட்டியலைப் பாருங்கள். இன்னொன்று: வெர்னாஸ்ஸாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி மலைச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. ரயில் நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே இருட்டுச் சுவர்தான் தெரியும். இன்னும் ஊர் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த ஊரில்தான் இறங்குவீர்கள். கதவைத் திறந்து இறங்கி, வெளிச்சத்தை நோக்கி நடங்கள்.

படகு அழகு, ஆனால் அத்தைக்கு யோசித்துச் செய்யுங்கள். சின்னத் துறைகளில் ஒரு குறுகிய பலகையைப் போட்டுத்தான் ஏற்றுவார்கள், அலைக்கு அது ஆடும். கடல் கொந்தளித்தால் படகே இல்லை.

அத்தை நடக்கத் தகுந்த பாதை ஒன்று உண்டு: ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் காதல் பாதை. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஏறக்குறைய சமதளம். 2012ல் பாறை சரிந்து மூடியது, 2024ல்தான் திறந்தார்கள். நேரம் குறித்து முன்பதிவு, தனிக் கட்டணம். மொன்தெரோஸ்ஸோ - வெர்னாஸ்ஸா மலைப்பாதையை நீங்களும் கணவரும் மகனும் மட்டும் காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். 3.5 கிலோமீட்டர்தான், ஆனால் படிகளால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். செருப்போடு போனால் அபராதம். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அதைக் குறைசொல்லக் கூடாது. சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் கட்டிய படிவயல் சுவர்கள்தான் இந்த மலையைப் பிடித்து வைத்திருக்கின்றன. விவசாயம் விட்டுப்போன இடங்களில் சுவர் பெயர்கிறது, மண் இறங்குகிறது. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாஸ்ஸாவின் பெரிய தெருவே சேற்றில் புதைந்தது.

கடலில் தண்ணீர் மே கடைசியில் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் கடல் பழகிய பையன் ஐந்து நிமிடத்தில் நடுங்குவான், துவட்டத் துண்டும் ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள். கூழாங்கல் குத்தும், தண்ணீரில் போடும் ரப்பர் ஷூ அவசியம். குடையும் சாய்வுப் படுக்கையும் போட்ட பகுதி கட்டணக் கரை. ‘ஸ்பியாஜ்ஜா லிபெரா’ என்ற பலகை இருக்கும் இடம் இலவசம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். ஜூன் 2 குடியரசு தினம், அதை ஒட்டிய விடுமுறைக் கூட்டத்தில் மாட்டாமல் தேதியை வையுங்கள்.

சாப்பாட்டில் அத்தைக்குப் பிடிக்கப்போவது ஃபாரினாதா. கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு. கரைத்துச் சில மணி நேரம் வைத்து, மேலே பொங்கிய நுரையை எடுத்துவிட்டு, அகலமான செப்புத்தட்டில் தாராளமாக ஆலிவ் எண்ணெய் விட்டு மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் அடைபோல மெத்து. மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும். முட்டை, பால் எதுவும் கிடையாது. பாஸ்தாவில் கலக்கும் பச்சை இலைச் சட்னியான பெஸ்தோவில் கவனம் வேண்டும். அது பச்சையாக இருப்பதால் சைவம் என்று நினைத்துவிடுகிறோம். அதில் சேரும் பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் கொண்டே உறைய வைக்கிறார்கள். இதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள். ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே, சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ’ என்றால் கறி, மீன், சீஸ் இல்லாமல். நெத்திலி இந்தக் கரையின் பெருமை, எதிலும் இருக்கும். அதற்கு ‘அச்சூகே’ என்று பெயர், மெனுவில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடி, இரவு ஏழுக்குத்தான் திறக்கும். சமையல் வசதியுள்ள வீடாக எடுத்து, ஒரு கிலோ அரிசியும் பருப்புப்பொடியும் கொண்டுபோவது நல்லது.

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்கு விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், அத்தையின் வயதுக்கு அந்தத் திட்டம் பொருந்துமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாகவே பதிவு செய்யுங்கள். மனரோலா வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால், ரத்து செய்யக் கடைசித் தேதி என்ன என்பதை இன்றே பாருங்கள்.