பெட்டி வாங்கியாச்சு, கேம் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடியோ கேம் கன்சோல், அதாவது கேம் விளையாடும் பெட்டி, பற்றியவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கே: பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்கு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் ஆசைப்பட்டது ஸ்பைடர்மேன் கேமாம். "அது பின்னால் வரும்" என்கிறார் கடைக்காரர். எப்போது வரும் ஐயா? (சேலம்)

ப: வராதென்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பைடர்மேன் கேம்களை முதலிலிருந்தே வெளியிடுவது சோனி. அவற்றைச் செய்யும் இன்சோம்னியாக் ஸ்டுடியோவையும் 2019-இல் சோனி விலைக்கு வாங்கிவிட்டது. அதனால் அவை சோனியின் பிளேஸ்டேஷனுக்கு வந்தன, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தன, எக்ஸ்பாக்ஸ் பக்கம் திரும்பவில்லை. இதே ஸ்டுடியோ தனியாக இருந்த காலத்தில், 2014-இல், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காகவே ஒரு கேம் செய்து கொடுத்தது. யார் கையில் ஸ்டுடியோ இருக்கிறதோ அவர்கள் பெட்டியில்தான் கேம்.

இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கப் போகும்போது "எந்த கேம் வேண்டும்?" என்று பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சீல் உடைக்கவில்லை என்றால் இன்றே கடைக்குப் போய் மாற்றக் கேளுங்கள். உடைத்துவிட்டீர்கள் என்றால், ஃபோர்ஸா, ஹேலோ போன்ற, எக்ஸ்பாக்ஸைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் அதில் உண்டு. இன்னொன்று, சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது. மாமா பிறந்தநாளுக்கு டிஸ்க் வாங்கி வருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள்.

கே: பழைய கேம் சாமான் விற்கும் கடையில் நிண்டெண்டோ வீ யூ வாங்கினேன். "கேம் எல்லாம் ஆன்லைனிலேயே வாங்கிக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார். எதையும் வாங்க முடியவில்லை. என் நெட்டில் கோளாறா? (மதுரை)

ப: உங்கள் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. வீ யூவின் ஆன்லைன் கடை 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவதும் நின்றுபோனது. முன்பே வாங்கியவர்கள் தங்கள் கணக்கில் உள்ளதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். புதிதாக எதுவும் வாங்க முடியாது. பழைய கன்சோல் விற்றே பிழைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

பில் இருக்கிறதா? இல்லையென்றால் யுபிஐ பணம் போன பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் சொன்னது, விளம்பரப் படம் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். அவர் அழித்துவிடுவார். பிறகு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டு, 15 நாள் கெடு கொடுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

பணம் திரும்பாமல் பெட்டி உங்களிடமே தங்கினால் டிஸ்க்தான் வழி. வீ யூ டிஸ்க்கோடு பழைய வீ டிஸ்க்கும் அதில் ஓடும். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று அதற்கு மண்டலப் பூட்டு உண்டு. உங்கள் பெட்டி எந்த மண்டலம் என்று பார்த்து, அதே மண்டலத்து டிஸ்க்காக வாங்குங்கள். பெட்டியோடு வரும், திரை வைத்த கைப்பலகையைக் கீழே போட்டுவிடாதீர்கள். அது போனால் பெட்டியில் பாதி போனது போல.

கே: 900 ரூபாய்க்கு "400 கேம்கள் உள்ளடக்கம்" என்று ஒரு கன்சோல். வாங்கலாமா? (திருப்பூர்)

ப: இருபது முப்பது கேமுக்கு நானூறு பெயர். வேண்டாம்.

கே: புதுக் கன்சோல் அறிமுக விழாக்களில் முப்பது நாற்பது கேம் கம்பெனிகளின் சின்னங்களை வரிசையாகக் காட்டுகிறார்களே, அதை நம்பி முதல் நாளே வாங்கலாமா? (கோவை)

ப: அந்தச் சின்ன வரிசையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடையில் சின்னம் போட ஒரு படம் போதும். கேம் செய்ய ஆள், மாதங்கள், பணம் வேண்டும்.

மேலே மதுரைக்காரர் மாட்டிக்கொண்ட வீ யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனில், அமெரிக்காவின் இ3 வீடியோ கேம் கண்காட்சியில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் நிறுவனத்தின் தலைவரே நிண்டெண்டோ மேடையில் ஏறி, இதுவரை இல்லாத கூட்டணி என்று பேசினார். 2012 நவம்பரில் பெட்டி வந்தது. அந்தக் கூட்டணி தந்தது மொத்தம் நான்கு கேம்கள்: ஃபிஃபா 13, மேடன் 13, மாஸ் எஃபெக்ட் 3, ஒரு நீட் ஃபார் ஸ்பீட். அடுத்த வருட ஃபிஃபாவே வரவில்லை. யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனம் தன் பங்குக்கு ரேமன் லெஜண்ட்ஸ் கேமை வீ யூவுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தது. 2013 பிப்ரவரியில் வர வேண்டியதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்து, எல்லாக் கன்சோலுக்கும் சேர்த்து வெளியிட்டது. அதற்காகவே பெட்டி வாங்கியவர்கள் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள்.

இதில் துரோகம் என்று எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். ஒரு கேமை இன்னொரு கன்சோலுக்கு மாற்றித் தர ஒரு குழு பல மாதம் உட்கார வேண்டும். அந்தச் செலவைத் திருப்ப அந்தக் கன்சோல் போதுமான வீடுகளில் இருக்க வேண்டும். வீ யூ விற்றது மொத்தமே சுமார் 1 கோடியே 35 லட்சம். அதற்கு முந்தைய வீ விற்றது 10 கோடிக்கு மேல். வீ யூவின் நினைவகம் 2 ஜிபி, அதில் கேமுக்குக் கிடைப்பது 1 ஜிபி. 2013 இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4), எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் 8 ஜிபி. இரண்டின் பிராசஸரும் கம்ப்யூட்டர் வகை. அந்த இரண்டுக்கும் செய்த கேமை வீ யூவுக்குள் திணிக்க வேலை அதிகம், விற்பனையோ குறைவு. கேம் வராததால் ஆள் வாங்கவில்லை, ஆள் வாங்காததால் கேம் வரவில்லை. இந்தச் சுழலில் விழுந்த பெட்டி எழுவது அரிது.

நிண்டெண்டோவின் சொந்தச் சரக்கில் குறையா என்றால் அதுவும் இல்லை. மரியோ கார்ட் 8 வீ யூவில் சுமார் 84 லட்சம் விற்றது. அதே கேம், கொஞ்சம் கூடுதல் சேர்த்து, நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்ச்சில் 6 கோடியைத் தாண்டியது. 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் வந்தபோது கூடவே ஒரு செல்டா கேம் இருந்தது. அந்த நவம்பருக்குள் வெளி நிறுவனங்களின் டூம், ஸ்கைரிம் இரண்டும் வந்துவிட்டன. சின்னமாக அல்ல, கடையில் அட்டையாக.

செய்கிறவர்களுக்கு வேலை சுலபமா என்பதையும் பாருங்கள். சோனி 1994-இல் முதல் பிளேஸ்டேஷனை சிடியோடு இறக்கியது. நிண்டெண்டோவோ, தன் 'நிண்டெண்டோ 64' கன்சோலுக்குக் கார்ட்ரிட்ஜையே (சிப் வைத்த கேம் உறை) பிடித்துக்கொண்டது. ஒரு சிடியில் சுமார் 650 எம்பி. அந்தக் கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்பி. சிடி அடிக்கும் செலவும் சொற்பம். ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவை விட்டுவிட்டு 1997-இல் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. இதே சோனி 2006-இல் பிஎஸ்3-க்கு செல் என்ற பிராசஸரை வைத்து, புரோகிராம் எழுதுகிறவர்களை அழவைத்தது. பிஎஸ்4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி முதலில் ஸ்டுடியோக்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். பலன் விற்பனையில் தெரிந்தது.

ஆகவே பட்டியலைக் காட்டினால் இப்படிச் சலித்துப் பாருங்கள். வெளியீட்டுத் தேதி போட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். "விரைவில்" என்பதை அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் உங்களுக்கு வேண்டிய கேம் ஐந்து பேருக்காவது தேறுகிறதா? வெளி நிறுவன கேம்கள் மற்ற கன்சோல்களுக்கு வரும் அதே நாளில் வருகின்றனவா, ஆறு மாதம் கழித்தா? வருடாவருடம் வரும் கால்பந்து கேம் இரண்டாம் வருடமும் வந்ததா? வந்தாலும் அட்டையில் "லெகஸி எடிஷன்" என்று இருந்தால் அது பழைய கேமுக்குப் புது ஜெர்சி. ஸ்விட்ச்சில் ஃபிஃபா 20 முதல் 23 வரை அப்படித்தான் விற்றார்கள். இந்தச் சலிப்பைச் செய்யாமல் வாங்கிய இரண்டு பெட்டிகள் என் பரணிலும் தூங்குகின்றன. பெயர் சொல்ல வெட்கம்.

கே: பிஎஸ்5-இல் டிஸ்க் போடும் வகையை வாங்கலாமா, டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் வகையையா? வித்தியாசப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கலாம் என்கிறாள் மனைவி. (பெங்களூரு)

ப: டிஸ்க். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990, 39,990 என்று பத்தாயிரம் இடைவெளி. அப்போது சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், நண்பரிடம் மாற்றலாம். நாலைந்து கேமில் அந்த இடைவெளி ஈடாகிவிடும். டிஜிட்டலில் வாங்கியது உங்கள் கணக்கை விட்டு நகராது, விலை பேச அந்த ஒரே கடைதான். பிஎஸ்4 டிஸ்க்குகளும் பெரும்பாலும் இதில் ஓடும். பிஎஸ்3 டிஸ்க் ஓடாது.

ஏற்கெனவே டிஜிட்டல் வாங்கிவிட்டவர்கள் பின்பக்க மாடல் எண்ணைப் பாருங்கள். சிஎஃப்ஐ-2000 வரிசை, அதாவது 2023 இறுதியில் வந்த மெலிந்த வகை என்றால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல்முறை இணைக்க இன்டர்நெட் வேண்டும். சிஎஃப்ஐ-1000, 1100, 1200 என்றால் மாட்ட முடியாது.

இடமும் ஒரு செலவு. முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று எழுதியிருக்கும், கைக்கு வருவது 667. யூஎஸ்பி ஹார்ட் டிரைவில் பிஎஸ்5 கேமைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து விளையாட முடியாது. விளையாட எம்.2 எஸ்எஸ்டி (பெட்டிக்குள் செருகும் சேமிப்புச் சில்லு) வேண்டும்: ஜென்4 என்விஎம்இ, நொடிக்கு 5,500 எம்பி வேகம், வெப்பத் தகட்டோடு சேர்த்து உயரம் 11.25 மிமீக்குள். வெப்பத் தகடு இல்லாததை மலிவென்று வாங்காதீர்கள்.

கே: ஸ்விட்ச் 2-க்கு 256 ஜிபி மெமரி கார்டு வாங்கினேன். கேம் ஏறமாட்டேன் என்கிறது. கார்டு போலியா? (டொராண்டோ)

ப: கார்டு நல்லதாகவே இருக்கலாம், வகைதான் தப்பு. ஸ்விட்ச் 2 கேம்களுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டுமே ஏற்கும். சாதாரண மைக்ரோஎஸ்டியில் இருந்து பழைய ஸ்விட்ச்சின் படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்த வகை என்று வாங்குமுன் பார்த்திருக்கலாம்.

போகிற போக்கில் இன்னொன்று. அட்டையில் "கேம்-கீ கார்டு" என்று இருந்தால் உள்ளே கேம் இல்லை, சாவிதான் இருக்கிறது. மொத்த கேமையும் இறக்க வேண்டும், இடமும் அதே அளவு பிடிக்கும், விளையாடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். ஒரே ஆறுதல், முடித்தபின் விற்கலாம். கார்ட்ரிட்ஜ் விலை கேம் செய்கிறவர்களைத் துரத்துவது நிண்டெண்டோ 64 காலத்துக் கதை. இப்போது அந்தச் செலவை உங்கள் மெமரி கார்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கே: சோனியின் கையடக்க கன்சோலான பிஎஸ் வீட்டா, பழையது ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (திருநெல்வேலி)

ப: மெமரி கார்டோடு வருகிறதா என்று முதலில் கேளுங்கள். அது சோனிக்கென்றே உள்ள தனி வகை. 2012-இல் அமெரிக்காவில் வீட்டா 249 டாலருக்கு வந்தது. அதன் 32 ஜிபி கார்டு மட்டும் சுமார் 100 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டாவுக்கு முந்தைய பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்திய மான்ஸ்டர் ஹன்டர் கேம் வரிசையும் அடுத்த பாகத்துக்கு நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான 3டிஎஸ் பக்கம் போய்விட, ஜப்பானில் வீட்டாவுக்குப் பெரிய அடி விழுந்தது. கார்டு இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கே: முதல் நாளே வாங்கினால் ஏதாவது லாபம் உண்டா? (சென்னை)

ப: 2011 மார்ச்சில் அமெரிக்காவில் நிண்டெண்டோ 3டிஎஸ்ஸை 249.99 டாலருக்கு வாங்கியவர்கள் ஆகஸ்டில் அது 169.99 ஆனதைப் பார்த்தார்கள். முதல் சில மாதம் விளையாடச் சரியான கேமே இல்லை, அதனால் விற்கவில்லை, அதனால் குறைத்தார்கள். முந்தி வாங்கியவர்களுக்கு ஆறுதலாக 20 பழைய கேம்களைக் கொடுத்தார்கள். 80 டாலருக்கு அது சரியா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.