சுவரில் ஒட்டிய அட்டவணை

அன்புள்ள ஐயா,

வட அமெரிக்க க்யூஆர்பி சிடபிள்யூ கிளப்பைப் பற்றி அண்மையில் படித்தேன். 2004இல் தொடங்கப்பட்ட அந்த அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்குச் சந்தா கிடையாது. ஐந்து வாட்டுக்கு மேற்படாத திறனில் (அதுதான் க்யூஆர்பி), புள்ளி கோடு ஒலிகளான மோர்ஸ் குறியீட்டில் (அதுதான் சிடபிள்யூ) பேசுவதையே நோக்கமாகக் கொண்ட அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். கைபேசிக் காலத்தில் இது எப்படி வளர்கிறது? மலைகளுக்கு நடுவே கிடக்கும் சேலத்திலிருந்து ஐந்து வாட் எங்கே போய்ச் சேரும்? நூறு வாட் இல்லாமல் இதில் இறங்காதே என்கிறார் ஒரு நண்பர். மோர்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டி இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ரேடியோவில் கேட்டால் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. நாற்பத்திரண்டு வயதில் காது மந்தமாகிவிட்டதா?

ஓர் அஸ்தம்பட்டி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற வாரம் ஏற்காட்டில், இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே இருபது மீட்டர் கம்பியைக் கட்டிவிட்டு, விடிவதற்கு முன் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ இதைத்தான் என்பதால், உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்துக்கொண்டேன்.

சங்கம் ஏன் வளர்கிறது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். கைபேசி வந்த பிறகும் மனிதர்கள் தூண்டில் போடுகிறார்கள். அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. மலைகளைப் பற்றியும் கவலை வேண்டாம். சேர்வராயனும் கஞ்சமலையும் சருகுமலையும் சூழ்ந்த கிண்ணத்துக்குள்தான் நாம் இருக்கிறோம். ஆனால் நாம் பேசுகிற 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொலைவுக்குப் போகிற அலை தரையோடு ஊர்ந்து போவதில்லை; மேலே எழுந்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தால் வளைக்கப்பட்டுத் திரும்புகிறது. நூறு வாட்டை ஐந்தாகக் குறைத்தால் எதிர்முனையில் வந்துசேரும் அலையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் முள் இரண்டு படிக்குச் சற்றே கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். குரலுக்கு 2500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டியிருக்கும் இடத்தில் மோர்ஸுக்கு 150 போதும் என்பதால், இழந்ததில் பெரும்பகுதியை அங்கேயே மீட்டுவிடலாம். உங்கள் நண்பர் தம் நூறு வாட்டைத் தாமே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் உரிமம் என்ற சொல்லே இல்லை. தேர்வு எழுதி உரிமம் பெறாமல் ஐந்து வாட் என்ன, அரை வாட்கூட அனுப்பக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இப்போது அந்த அட்டவணைக்கு வருகிறேன். உங்கள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது செய்ய வேண்டிய வேலையைக் கண்ணிடம் கொடுத்துவிட்டு, காதைக் குறை சொல்கிறீர்கள்.

என் சித்தப்பா ரயில்வேயில் தந்தி அடித்தவர். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, செவ்வாய்ப்பேட்டை வீட்டுத் திண்ணையில் அவர் எதிரே நின்று, 'ஏ என்றால் புள்ளி கோடு, பி என்றால் கோடு புள்ளி புள்ளி புள்ளி' என்று பெருமையாக ஒப்பித்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டுவிட்டு, பாக்குவெட்டியால் பித்தளைச் செல்லத்தின் மூடியில் எதையோ தட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'உன் பேரைத்தான்டா கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்க மாட்டேங்கிற' என்றார். பிறகு, 'தவில்காரர் வீட்டுப் பிள்ளை சொற்கட்டை எழுதி வைத்துக்கொண்டா படிக்கிறான்? வாயால சொல்லு, காதால வாங்கு' என்றார். நான் கேட்கவில்லை. அட்டவணையை இரண்டு ஆண்டுகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப் படித்தவனுக்கு என்ன நேர்கிறது என்று சொல்கிறேன். ஒலி வந்ததும் அவன் எண்ணத் தொடங்குகிறான்: ஒரு நீளம், ஒரு குறுக்கம், இன்னொரு நீளம். பிறகு மனக்கண்ணில் அட்டவணையைத் தேடி 'கே' என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் ஓடிவிடுகின்றன. நிமிடத்துக்கு எட்டுச் சொல் என்ற வேகம்வரை இந்த எண்ணிக்கை எப்படியோ தாங்கும். அதற்கு மேல் சற்றுத் தூரத்திலேயே சுவரில் முட்டிக்கொள்ளும். எழுத்து என்பது ஒலிகளின் கூட்டல் அன்று. ஒரே ஒலி, ஒரு முகம். லுட்விக் கோக் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1930களில் இதை ஆராய்ந்து ஒரு முறையை வகுத்தார்: இரண்டே எழுத்துகளை முழு வேகத்தில் கேட்டுப் பழகி, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். சித்தப்பா கோக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

வலுத்த நிலையங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எண்ணுகிறவனும் ஒருவாறு காலம் தள்ளிவிடலாம். இரண்டு மூன்று வாட்டில் வருகிற ஒலியோ தேய்ந்து, மறைந்து, இடி மின்னலின் கரகரப்புக்குள் புகுந்து மீண்டும் எழும். நடுவில் ஒரு குறுக்கம் தொலைந்தால் எண்ணுகிறவனின் கணக்கே தப்பிவிடும். முகத்தை அறிந்தவனோ, தெருக்கோடியில் அரையிருட்டில் வருகிறவரை நடையை வைத்தே அடையாளம் காண்பதுபோல, மீதியை நிரப்பிக்கொள்வான். குறைந்த திறனில் பேசுவோர் வேலையில் பாதியை எதிர்முனைக் காதிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் 1994இல் ஆரம்பித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாள் விடாமல், குறைந்த திறனில் தினமும் ஒருவருடனாவது மோர்ஸில் பேசியிருக்கிறார். மோர்ஸ் தட்டும் அவர் சாவியின் திறமையைப் போற்றலாம். ஆனால் அத்தனை நாளும் அவரைக் காது கொடுத்து வாங்கிக்கொண்டவர்களை நான் அதற்கு மேல் போற்றுவேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உரிமம் பெற்ற புதிதில் நானும் நூறு வாட்காரன்தான். நான் சாவியைத் தொட்டால் பக்கத்து வீட்டு அக்காவின் தொலைக்காட்சித் தொடரில் கோடு ஓடும்; அதில் எனக்கு ஓர் அற்பப் பெருமைகூட இருந்தது. ஒரு நாள் இலங்கையில் உள்ள வானொலி அன்பர் ஒருவரிடமிருந்து தபாலில் ஓர் அட்டை வந்தது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், நான் பொது அழைப்பு விடுத்தபோது இரண்டு வாட்டில் அரைமணி நேரம் என்னைக் கூப்பிட்டதாகவும், என் ஒலி தமக்கு மிகத் தெளிவாக இருந்ததாகவும், அடுத்த முறை பார்ப்போம் என்றும் அதில் எழுதியிருந்தார். கடிந்து ஒரு சொல் இல்லை. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு நேராக, 'யாரும் இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அதன் பிறகுதான் அட்டவணையை மறக்க உட்கார்ந்தேன். நீங்கள் இரண்டு வாரத்தில் கற்றதை மறக்க எனக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. உங்களுக்கு இரண்டு வாரப் பாவம்தான் சேர்ந்திருக்கிறது, சீக்கிரம் கழுவிவிடலாம். 'கே', 'எம்' இரண்டில் தொடங்குங்கள்: டா டி டா, டா டா. நாளுக்குக் கால்மணி நேரம், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் பத்து நாள் எழுதாதீர்கள். அதற்குப் பிறகு எழுதத் தாள் வேண்டும் என்றால், சுவரில் இருப்பதை உரித்தெடுங்கள். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும்.