சுண்டா கெலாப்பா முதல் ஜகார்த்தா வரை: கேள்வி பதில்

கே: டச்சுக்காரர்கள் வருவதற்கு முன் ஜகார்த்தாவுக்கு என்ன பெயர்?

ப: இரண்டு பெயர்கள். முதலில் சுண்டா கெலாப்பா. மேற்கு ஜாவாவின் சுண்டா அரசுக்கு மிளகு ஏற்றுமதித் துறைமுகம். 1522-ல் இங்கே கோட்டை கட்டிக்கொள்ள போர்த்துக்கீசியரோடு ஒப்பந்தம் போட்டார்கள். கோட்டை எழும்புவதற்குள், 1527-ல், ஜாவாவின் இன்னொரு அரசான டெமாக்கின் சுல்தான் படை ஃபத்தஹில்லா தலைமையில் ஊரைப் பிடித்தது. பெயர் ஜெயகர்த்தா ஆனது. ஜூன் 22-ஐ ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதி 1950-களில் முடிவு செய்தது. ஆண்டை நம்பலாம், நாளை நம்பத் தேவையில்லை என்பேன்.

கே: பத்தாவியா என்று பெயர் வைத்தவர் தளபதி கூன்தானே?

ப: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1619 மே மாதம் ஜெயகர்த்தாவை எரித்துத் தரைமட்டமாக்கியவர் யான் பீட்டர்சோன் கூன்தான். ஆனால் அவர் வைக்க ஆசைப்பட்டது தன் சொந்த ஊரான ஹூர்னின் பெயரை: ‘புதிய ஹூர்ன்’. அவர் படை திரட்ட மலுக்குத் தீவுகளுக்குப் போயிருந்தபோது, முற்றுகையில் சிக்கிய டச்சுச் சிப்பாய்கள் மார்ச் மாதமே தங்கள் கோட்டைக்குப் பத்தாவியா என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ரோமர் காலத்தில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த பத்தாவியர்களைத் தங்கள் மூதாதையர் என்று டச்சுக்காரர்கள் பெருமை பேசிய காலம் அது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களும் அதையே விரும்பினார்கள். 1621-ல் அதிகாரபூர்வமானது. ஊரைப் பிடித்தவருக்குப் பெயர் வைக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை!

கே: நடுவில் ஆங்கிலேயரும் ஆண்டார்களே?

ப: ஆமாம், 1811 முதல் 1816 வரை, பெரும்பாலும் ராஃபிள்ஸ் பொறுப்பில். பெயரில் கை வைக்கவில்லை.

கே: ஜப்பானியர் ஏன் மாற்றினார்கள்? ஜாவாக்காரர்கள் மேல் பாசமா?

ப: பாசமெல்லாம் இல்லை, அரசியல். 1942 மார்ச்சில் நுழைந்தவர்கள் அந்த ஆண்டுக்குள்ளேயே ஜகார்த்தா ஆக்கிவிட்டார்கள். டச்சு அடையாளங்களைத் துடைக்க வேண்டும், உள்ளூர் தேசியவாதிகளின் ஆதரவும் வேண்டும். 1943-ல் கூனின் சிலையையும் இறக்கினார்கள். 1945 ஆகஸ்ட் 17-ல் சுகர்ணோ வாசித்த விடுதலைப் பிரகடனத்தின் அடியில் ‘ஜகார்த்தா’ என்றுதான் இருக்கிறது. பக்கத்திலேயே ஆண்டு ‘05’. அது ஜப்பானிய நாட்காட்டியின் 2605! விடுதலை அறிவிப்பிலேயே ஜப்பான்காரனின் ஆண்டு.

கே: அப்புறம் பெயர் மாறவே இல்லையா?

ப: டச்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி பத்தாவியா என்றார்கள். விடுதலை அறிவித்த இந்தோனேசியக் குடியரசுக்காரர்கள் ஜகார்த்தா என்றார்கள். ஒரே ஊரை எந்தப் பெயரில் சொல்கிறாய் என்பதை வைத்தே நீ எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ளலாம். 1949 டிசம்பர் 27-ல் ஆட்சி கைமாறியதும் அந்தச் சண்டை ஓய்ந்தது. 1972-ல் மாறியது எழுத்துக்கூட்டல் மட்டும், உச்சரிப்பு அப்படியே.

கே: பத்தாவியா சுத்தமாக அழிந்துவிட்டதா?

ப: இல்லை. நகரத்தின் பூர்வகுடிகள் தங்களை இன்றும் ‘பெத்தாவி’ என்றுதான் சொல்கிறார்கள். அது பத்தாவியாவின் மருவல். பாலி, சுலாவெசி போன்ற இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், சீனரும், அரபியரும், மலாய்க்காரரும் கலந்து உருவான இனம். ஊர்ப் பெயரை மாற்றிய எந்த அரசும் இவர்கள் பெயரைத் தொடவில்லை.